டிரம்மில் ஒட்டியிருக்கும் லேபிளைத் தொழிலாளிக்கு எப்படிப் புரியவைப்பது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் திருப்பூர் பக்கம் பனியன் துணிக்குச் சாயம் போடும் பட்டறையில் மேனேஜர். ஐம்பது பேர் வேலை செய்கிறார்கள். பாதிப் பேர் ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்கள். துணி வாங்கும் கம்பெனி (பையர்) தரப்பு ஆடிட்டில், ரசாயன லேபிள்களைப் பற்றிப் பயிற்சி கொடுத்ததற்கு ஆதாரம் கேட்டிருக்கிறார்கள். அதற்காக, ரசாயன ஆபத்துகளைக் காட்டும் ஒன்பது சிவப்புக் கட்டப் படங்கள் கொண்ட சார்ட்டைச் சுவரில் ஒட்டி, ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்து, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். அடுத்த வாரமே ஒருவர் அசிட்டிக் ஆசிட்டைத் தண்ணீர் பாட்டிலில் பிடித்து மெஷின் ஓரம் வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறார். "இவங்க மண்டையில் எப்படித்தான் ஏற்றுவது?" என்று கேட்கிறார்.

மண்டையில் ஏறுவது அப்புறம் நடக்கட்டும், முதலில் கைக்குப் பழகட்டும். லேபிளைப் பார்த்ததும் கை நிற்க வேண்டிய இடத்தில் நின்றால் பாதிப் பயிற்சி முடிந்தது. உங்கள் வகுப்பில் சொன்ன விஷயங்கள் சரியாகவே இருந்திருக்கும். சார்ட்டில் ஆரம்பித்ததுதான் பிரச்சினை. டிரம்மில் ஆரம்பித்திருக்க வேண்டும்.

வகுப்புக்கு முன்னால் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு பட்டறையை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். ஸ்டோர், கலர் கிச்சன் (சாயத்தை எடைபோட்டுக் கரைக்கும் இடம்), பிளீச்சிங், சாயமேற்றும் சாஃப்ட் ஃப்ளோ மெஷின்கள், பாய்லர் தண்ணீர் சுத்தம் செய்யும் இடம், கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஈடிபி எதையும் விட வேண்டாம். ஒவ்வொரு இடத்திலும் ஒரே ஒரு கேள்வி: இங்கே வேலை செய்பவர் கையில் எடுக்கும் பாத்திரத்தில் லேபிள் இருக்கிறதா? பெரும்பாலான பட்டறைகளில் பதில் எப்படி வரும் என்றால், கம்பெனி லேபிளோடு டிரம் ஸ்டோரில் உட்கார்ந்திருக்கும். மெஷினுக்குப் போவது பக்கெட், மக், பழைய கேன். எட்டு மணி நேரம் அந்த ரசாயனத்தோடு நிற்பவர் லேபிளைக் கண்ணால் பார்ப்பதே இல்லை. ஸ்டோரிலும் டிரம்மைச் சுவர் பக்கமாகத் திருப்பி வைத்திருப்பார்கள், அல்லது மேலிருந்து ஒழுகிய காஸ்டிக் சோடா லேபிளை அரித்து எழுத்து போயிருக்கும். இப்படிப்பட்ட இடத்தில் லேபிள் வாசிக்கச் சொல்லிக்கொடுத்தால், பஸ்ஸே வராத ஊரில் டைம் டேபிள் ஒட்டிய மாதிரிதான்.

அதனால் முதல் வாரத்தில் பயிற்சியே வேண்டாம். பாத்திரங்களைச் சரிசெய்யுங்கள். ஊற்றிப் பிரிக்கும் ஒவ்வொரு கேனுக்கும் நீங்களே லேபிள் அச்சடியுங்கள். கம்பெனி லேபிளில் இருப்பதையெல்லாம் அதில் திணிக்க வேண்டியதில்லை. பட்டறையில் வழங்கும் பெயர் தமிழிலும் இந்தியிலும், ஒடியா பேசுபவர் அதிகம் என்றால் ஒடியாவிலும், கம்பெனி லேபிளில் உள்ள அதே ஆங்கிலப் பெயர், எத்தனை சதவீதம், கம்பெனி லேபிளில் உள்ள அதே படங்கள், எதோடு சேரக்கூடாது என்று ஒரு வரி, மேலே பட்டால் முதலில் என்ன செய்வது என்று ஒரு வரி, யார் ஊற்றியது, என்றைக்கு. தண்ணீரிலும் காஸ்டிக்கிலும் அழியாதபடி லேமினேட் செய்து, டேப்பால் நாலு பக்கமும் ஒட்டிவிடுங்கள். லேபிள் இல்லாத பாத்திரத்தில் எடுக்கலாம் என்ற சலுகை ஒரே ஒரு சந்தர்ப்பத்துக்குத்தான்: ஊற்றியவரே, அதே ஷிஃப்டில், கையை விட்டு இறக்காமல் ஊற்றித் தீர்த்துவிட வேண்டும். நடுவில் டீ குடிக்கப் போனால்கூட அது லேபிள் இல்லாத ரசாயனம்தான்.

தண்ணீர் பாட்டில் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கறாராக இருங்கள். குடிக்கிற பாட்டில், கூல் டிரிங்க் பாட்டில் எதுவும் கலர் கிச்சனுக்குள் வரக்கூடாது. ஆனால் அந்த ஆளைத் திட்டி மட்டும் பிரயோஜனம் இல்லை. ஒரு லிட்டர் அளக்க அவருக்கு வேறு பாத்திரம் இருந்ததா என்று பாருங்கள். அநேகமாக இருந்திருக்காது. மூடியோடு, அளவுக்கோடு போட்ட ஜக் நாலைந்து வாங்கி வைத்தால் பாட்டில் தானாகக் காணாமல் போகும்.

சரி, இனி பயிற்சி. எல்லா ரசாயனத்தையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள். ஒரு சாயப்பட்டறையில் ஆளைச் சாய்க்கக்கூடிய சரக்கு ஏழெட்டுதான். ஒரு நாளைக்கு ஒன்று, ஷிஃப்ட் மாறும்போது கால் மணி நேரம், அந்தந்த செக்‌ஷனில் நின்றபடியே. கழுவிக் காலியாக்கிய நிஜ டிரம்மை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். புரொஜெக்டர் வேண்டவே வேண்டாம்.

ஹைட்ரோஸிலிருந்து ஆரம்பிப்பது என் வழக்கம். சோடியம் ஹைட்ரோசல்ஃபைட், வெள்ளைத் தூள், இரும்பு டிரம், உள்ளே பாலித்தீன் பை. பாலியெஸ்டர் சாயத்துக்குப் பிறகு ரிடக்‌ஷன் கிளியரிங்குக்கும் (ஒட்டாமல் மிஞ்சிய சாயத்தைக் கழுவி எடுப்பது), வாட் சாயத்தைக் கரைப்பதற்கும், தப்பான கலரை உரிப்பதற்கும் போடுவது. பார்க்கச் சாதுவாக இருப்பதால் யாரும் பயப்படுவதில்லை. லேபிளில் தீப்படம் இருக்கும். தொழிலாளியிடம் கேட்டால், "பக்கத்தில் பீடி பிடிக்கக்கூடாது" என்பார். அது பாதிப் பதில்தான். இந்தச் சரக்குக்கு நெருப்புப்பொறியே தேவையில்லை. ஈர மக்கை உள்ளே விட்டு அள்ளினால் போதும். அல்லது கூரை ஒழுகி நாலு சொட்டு டிரம்முக்குள் விழுந்தால் போதும். கொஞ்சம் ஈரம் பட்டதும் தூள் தானாகச் சூடேறி, மூச்சை அடைக்கும் கந்தக டைஆக்சைடு கிளம்பி, தீப்பிடிக்கும். அதனால் அந்த டிரம் முன்னால் நின்று நான் லேபிளைப் பற்றிப் பேசுவதற்கு முன் மக்கைத்தான் கேட்பேன். "இதுக்கு எடுக்குற மக் எது? அது இப்ப எங்கே இருக்கு?" பெரும்பாலும் ஈரத்தரையில் கிடக்கும் பொது மக்கைத்தான் காட்டுவார்கள். அதை எடுத்து உள்பக்கம் விரலால் தடவி, ஈரத்தை அவர் கண்ணுக்கு எதிரே காட்டிவிட்டு, பிறகு டிரம்மின் தீப்படத்தைக் காட்டினால், அந்தப் படம் அதற்கப்புறம் மறக்காது.

இன்னொரு சங்கதியும் இதில் உண்டு. தீ என்றால் மணலைக் கொட்டி அமுக்கு என்று எல்லோரும் பழகியிருப்பார்கள். ஹைட்ரோஸ் எரிய வெளிக்காற்று தேவையில்லை, அதனால் மூடி அமுக்கினால் அணையாது. கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் இன்னும் மோசமாகும். ஏராளமான தண்ணீரைப் பாய்ச்சி மூழ்கடித்தால்தான் அடங்கும். இதைத் தொழிலாளி செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. அவர் வேலை சத்தம் போட்டு எல்லோரையும் காற்று வீசி வரும் திசைப் பக்கமாக வெளியே கூட்டிப்போவது. ஃபயர் சர்வீஸுக்கு போன் செய்யும்போது பெயரைச் சரியாகச் சொல்லவாவது தெரிந்திருக்க வேண்டும். அவர்கள் கேட்கும் முதல் கேள்வியே "என்ன சரக்கு?" என்பதுதான்.

பெயர் என்றதும் ஒரு பெரிய வில்லங்கம். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர்கள் பெயரை முழுதாக வாசிப்பதில்லை. முதல் நாலைந்து எழுத்தின் உருவத்தை வைத்து அடையாளம் பிடிக்கிறார்கள். ஹைட்ரோசல்ஃபைட், ஹைட்ரஜன் பெராக்சைடு, ஹைட்ரோகுளோரிக் ஆசிட் மூன்றுமே ஆங்கிலத்தில் அதே ஐந்து எழுத்தில்தான் தொடங்குகின்றன. ஒன்றோடு ஒன்று சேரவே கூடாத மூன்று சரக்கு! ஹைட்ரோஸும் பெராக்சைடும் சேர்ந்தால் ஒன்று ஆக்சிஜனை இழுப்பது, இன்னொன்று கொடுப்பது, கொதித்துச் சீறும். ஹைட்ரோஸில் ஆசிட் பட்டால் விஷவாயு. அதனால் மூன்றின் லேபிளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, "எது எது வேறே, எப்படிக் கண்டுபிடிப்பே?" என்று ஒரு நாள் அதற்கே ஒதுக்குங்கள். 'ஹைப்போ' என்ற கூப்பிடுபெயரும் இப்படித்தான்: ஒரு பட்டறையில் அது பிளீச்சிங்குக்கு வரும் சோடியம் ஹைப்போகுளோரைட், இன்னொன்றில் குளோரினை முறிக்கப் போடும் தயோசல்ஃபேட். ஆள் பட்டறை மாறி வந்தால் எந்த ஹைப்போ என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

பெராக்சைடு: உங்களுக்கு வருவது பெரும்பாலும் 50 சதவீதம். லேபிளில் வட்டத்துக்கு மேல் தீ எரியும் படம். ஒன்பது படங்களில் ஜனங்கள் அதிகம் குழம்புவது இதில்தான். சாதாரணத் தீப்படத்துக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது. தீப்படம் என்றால் இது எரியும். வட்டத்தின்மேல் தீ என்றால் இது மற்றதை எரியவைக்கும். இந்த இரண்டு படமும் ஒரே அலமாரியில், ஒரே பேலட்டில் நிற்கக்கூடாது. படிப்பறிவே இல்லாத ஆளும் வைத்துக் காப்பாற்றக்கூடிய விதி இது. ஸ்டோரில் இரண்டு மூலைகளில் இரண்டு படத்தையும் பெரிதாக வரைந்துவிட்டால் டிரம் இறக்குபவருக்கே தெரியும் எங்கே கொண்டுபோவது என்று. அப்புறம் பெராக்சைடு கேனின் மூடியில் காற்றுப்போக ஓட்டை இருக்கும். அதை ஏதோ உடைந்த மூடி என்று நினைத்து, வேறு இறுக்கமான மூடி போடுவதும் பாலித்தீனைக் கட்டிவிடுவதும் நடக்கிறது. சரக்கு மெல்ல மெல்லச் சிதைந்து ஆக்சிஜன் விட்டுக்கொண்டே இருக்கும். போக வழியில்லாவிட்டால் கேன் உப்பும், பிறகு வெடிக்கும். அளந்து மிஞ்சியதைத் திரும்பக் கேனில் ஊற்றுவதும் இதே கதைதான். மக்கில் ஒட்டியிருந்த துரு கொஞ்சம் போதும், மொத்தக் கேனும் சூடாகிவிடும்.

அசிட்டிக் ஆசிட்டைப் பற்றி நீங்களே கேட்டிருக்கிறீர்கள். "ஊறுகாயில் போடுறதுதானே" என்ற அலட்சியம் இதில் உண்டு. ஊறுகாயில் இருப்பது நாலைந்து சதவீதம். உங்கள் கேனில் இருப்பது 99 சதவீதம் வரை. பெயர் ஒன்று, சரக்கு வேறு என்பதால்தான் லேபிளில் சதவீதத்தைப் பார்க்கப் பழக்க வேண்டும். அந்தக் கேனைத் திருப்பிப் பாருங்கள்: கையையும் இரும்பையும் அரிக்கும் படத்தோடு தீப்படமும் இருக்கும். அனுபவசாலி மேஸ்திரிகள்கூட அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். இந்த ஆசிட்டின் ஆவி சுமார் 39, 40 டிகிரியிலேயே பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். மே மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே அந்தச் சூடு சர்வசாதாரணம். வெல்டிங் வேலை நடக்கும் நாளில் கேன்களை எங்கே நகர்த்துவது என்று அன்றைய கால் மணி நேரத்திலேயே முடிவு செய்துவிடுங்கள்.

காஸ்டிக்குக்கு ஒரு செய்முறை இருக்கிறது, உங்கள் லேப்பிலேயே டையிங் மாஸ்டர் காட்டலாம். ஒரு பீக்கரில் 5 சதவீதக் காஸ்டிக் கரைசலைக் கொதிக்கவைத்து, ஒரு துண்டு காட்டன் நூலையும் ஒரு துண்டு உல்லன் நூலையும் போடச் சொல்லுங்கள். காட்டன் அப்படியே கிடக்கும், கம்பளி நூல் சில நிமிடத்தில் கரைந்து மறைந்துவிடும். துணி அடையாளம் பார்க்கச் செய்யும் பழைய சோதனைதான். தொழிலாளியிடம் பிறகு கேளுங்கள்: "உன் தோல் இதில் எந்தப் பக்கம்?" தினமும் காஸ்டிக்கில் துணியைப் போட்டு எடுத்து, துணிக்கு ஒன்றும் ஆகாததைப் பார்த்தே, கைக்கும் ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை அவர்களுக்குள் ஊறியிருக்கிறது. அந்த நம்பிக்கையை எந்தச் சார்ட்டும் அசைக்காது. அந்தப் பீக்கர் அசைக்கும். கண்ணாடி, கையுறை போட்டு மாஸ்டர்தான் செய்ய வேண்டும்; மற்றவர்கள் இரண்டடி தள்ளி நிற்கட்டும். அதன் தொடர்ச்சியாகக் கண்ணைப் பற்றிச் சொல்லுங்கள். காஸ்டிக் கண்ணில் பட்டால் ஆசிட்டைவிட ஆழமாக உள்ளே இறங்கும். குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் இமையை விரித்துப் பிடித்துக் கழுவ வேண்டும். "எரிச்சல் போயிடுச்சு" என்று அவரே சொன்னாலும் நிறுத்தக்கூடாது. ஆஸ்பத்திரி அதற்குப் பிறகு. கரைக்கும்போது தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போட வேண்டும், காஸ்டிக்கின்மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. இதை மட்டும் பழைய ஆட்கள் நன்றாகவே தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

யாருமே சந்தேகப்படாத சரக்கு ஒன்று இருக்கிறது: கலர் பவுடர். பருத்தித் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயப் பெட்டியின் லேபிளில் பல சமயம் நெஞ்சில் நட்சத்திரம் வெடித்த மாதிரி ஓர் ஆள் படம் இருக்கும். அதைப் பார்த்து "ஹார்ட் கம்ப்ளைன்ட்" என்று சொல்பவர்கள் நிறைய. அது மூச்சுக்குழாய்க்கான எச்சரிக்கை. எடை போடும்போது பறக்கும் தூளை மாதக்கணக்கில் சுவாசிக்கும் சிலருக்கு உடம்பு அதை எதிரியாகக் கணக்கில் வைத்துவிடும். அதற்கப்புறம் ஒரு சிட்டிகை தூசியே போதும், இழுப்பு வந்துவிடும். முகத்தில் கட்டும் கைக்குட்டை இதற்கு உதவாது. தூசிக்கான சரியான மாஸ்க் வேண்டும், எடைமேடையில் உறிஞ்சும் விசிறி இருந்தால் இன்னும் நல்லது. இந்தப் படத்தைக் கலர் கிச்சனில் இருக்கும் ஆட்களுக்குத் தனியாக உட்காரவைத்துச் சொல்லுங்கள். மற்ற படங்களின் ஆபத்து அந்தக் கணமே சுடும். இது வருஷங்கழித்து வருவது என்பதால் ஒரு தடவை சொன்னால் மனதில் நிற்காது.

இப்போது சார்ட்டுக்கு வருவோம். அந்த ஒன்பது படமும் ஐ.நா. 2003ல் வெளியிட்ட ஜிஎச்எஸ் என்ற உலகப் பொது முறையைச் சேர்ந்தவை: சிவப்பு ஓரம், வெள்ளைத் தளம், கறுப்புப் படம். உங்கள் டிரம்மில் அது மட்டும் இருக்காது. லாரியில் போவதற்கான வண்ண வைரக்கட்டங்கள் தனியே இருக்கும். சில இறக்குமதிச் சரக்கில் நீலம், சிவப்பு, மஞ்சள், வெள்ளை என நாலாகப் பிரித்து எண் போட்ட அமெரிக்கக் கட்டமும் இருக்கும். அதில் 4 என்றால் மிக மோசம், 0 என்றால் ஒன்றுமில்லை. ஜிஎச்எஸ்ஸில் நேர் எதிர், வகை 1தான் மிக மோசம். ஆகவே தொழிலாளிகளுக்கு அந்த எண்களைச் சொல்லித்தரவே வேண்டாம், சூப்பர்வைசரோடு நிற்கட்டும்.

வண்ணத்தில்தான் நம் ஊர்ப் பிரச்சினை. உங்களிடம் வேலை செய்பவர்களில் பலர் விவசாயக் குடும்பம். பூச்சிமருந்து டப்பாவைப் பார்த்தே வளர்ந்தவர்கள். அதில் சிவப்பு கொடிய விஷம், பிறகு மஞ்சள், நீலம், பச்சை என்று இறங்கும். அந்தப் பழக்கத்தில் சாயப்பட்டறை டிரம்மிலும் வண்ணத்தைத் தேடுகிறார்கள். நீல டிரம் பரவாயில்லை, பச்சை லேபிள் நல்லது என்று முடிவுகட்டுகிறார்கள். டிரம்மின் நிறம் கம்பெனியின் இஷ்டம். ஜிஎச்எஸ்ஸில் எல்லா ஆபத்துக்கும் ஒரே சிவப்பு ஓரம்தான். எவ்வளவு ஆபத்து என்பதை 'டேஞ்சர்', 'வார்னிங்' என்ற இரண்டு சொல்லில் ஒன்று சொல்லும். அந்த இரண்டு ஆங்கிலச் சொல்லையும் படம் மாதிரி உருவமாக அடையாளம் காணப் பழக்கினால் போதும், எழுத்துக்கூட்டத் தெரிய வேண்டியதில்லை. மண்டையோட்டைப் பார்த்தால் கரண்ட் என்று சொல்பவர்களும் உண்டு. டிரான்ஸ்ஃபார்மர் அபாயப் பலகையில் பார்த்துப் பழகிய பாவம்தான், அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

லேபிளில் படமே இல்லாவிட்டால் கெடுதலே இல்லை என்று அர்த்தமில்லை, இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நொய்யல் ஆற்றையும் அதன் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையையும் கெடுத்ததில் பெரிய பங்கு சாயக்கழிவில் போன உப்புக்கு. சாதா உப்பு, கிளாபர் சால்ட் (சோடியம் சல்ஃபேட்) இரண்டின் மூட்டையிலும், நீர்நிலைக்குக் கேடு என்று காட்டும் செத்த மீன் படம் இருக்காது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கழிவுநீர்ப் பிரச்சினையில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன கதை தெரிந்த உள்ளூர் ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும்.

எந்த மொழியும் வாசிக்கத் தெரியாதவரை என்ன செய்வது? எண் தெரியும், போன் நம்பர் போடுகிறாரே. அபாயச் சரக்கு ஒவ்வொன்றுக்கும் உலகம் முழுக்க ஒரே நாலு இலக்க யூஎன் (ஐ.நா.) எண் இருக்கிறது. காஸ்டிக் லை (காஸ்டிக் கரைசல்) 1824, 20 முதல் 60 சதவீதம் வரையிலான பெராக்சைடு 2014, ஹைட்ரோஸ் 1384, சல்ஃப்யூரிக் 1830. டேங்கர் வந்தால் அதன் பின்பக்கப் பலகையில் இந்த எண் இருக்கும். உங்கள் டேங்க்கின் ஊற்றுவாயிலும் அதே எண்ணைப் பெரிதாக எழுதி வையுங்கள். இரண்டும் ஒத்துப்போனால்தான் ஹோஸ் மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் வால்வில் கை வைக்கக்கூடாது. நாலு இலக்கத்தையும் விரல் வைத்து ஒப்பிட வேண்டும், ஏனென்றால் ஹைட்ரோகுளோரிக் 1789, ஹைப்போகுளோரைட் 1791. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும் இந்த இரண்டும் ஒரே டேங்க்கில் சேர்ந்தால் கிளம்புவது குளோரின். உலகத்தில் பல இடங்களில் டேங்கர் இறக்கும்போது நடந்த விபத்து இந்த வகைதான்.

மொழிபெயர்ப்புக்கு ஒரு ஆளைப் பிடிக்கும்போது கான்ட்ராக்டரையோ சூப்பர்வைசரையோ பிடிக்காதீர்கள். அவர் முன்னால் "புரியல" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கூட வேலை செய்பவரில் இரண்டு மொழியும் தெரிந்த ஒரு பையனைத் தேர்ந்தெடுத்து, முதல் நாளே அவருக்குத் தனியாகச் சொல்லிக்கொடுத்து, அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவருக்கு அந்த நேரத்துக்குச் சம்பளமும் கொடுங்கள். ஓசியில் வாங்கினால் ஓசித் தரத்தில்தான் வரும்.

புரிந்ததா என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அதனால் கேள்வியைச் செயலாகக் கேளுங்கள். காலி கேன்களைக் கலைத்துப் போட்டு, "ஸ்டோரில் எது எங்கே வைப்பே, வச்சுக்காட்டு." "இந்த மக்கால் எதை அள்ளலாம்?" "இது கண்ணில் பட்டுடுச்சு, எங்கே ஓடுவே?" என்று கேட்டுவிட்டு நிஜமாகவே ஓடச் சொல்லுங்கள்; கண் கழுவும் குழாய்க்கு முன்னால் துணி டிராலி நிற்பது அப்போதுதான் தெரியவரும். மதிப்பெண் போடும்போது ஒரு நுணுக்கம். பாதுகாப்புப் படங்களைச் சோதிக்கும் அமெரிக்க ஆன்சி தரநிலை, 85 சதவீதம் பேராவது சரியாகச் சொல்ல வேண்டும் என்பதோடு, நேர் எதிரான அர்த்தம் எடுப்பவர் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றும் கேட்கிறது. தெரியாது என்பவர் நின்று கேட்பார். தப்பாகத் தெரிந்தவர் நம்பிக்கையோடு செய்துவிடுவார். பதில்களில் இந்த இரண்டாவது ரகத்தைத் தனியாகக் குறித்து, அவர்களை மட்டும் அடுத்த வாரம் மறுபடி பாருங்கள். மாதம் கழித்து எல்லோரையும் ஒரு முறை, முன்னறிவிப்பு இல்லாமல்.

சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. 1984 டிசம்பரில் போபாலில் கசிந்தது என்ன வாயு, என்ன மருந்து கொடுப்பது என்று வைத்தியம் பார்த்த டாக்டர்களுக்கே தெரியாமல் திண்டாடினார்கள். அதன் பின் 1987ல் தொழிற்சாலைச் சட்டத்தில், ஆபத்தை முதலாளி வெளிப்படுத்த வேண்டும் என்றும், தகவல் பெறுவதும் பயிற்சி பெறுவதும் தொழிலாளியின் உரிமை என்றும் சேர்த்தார்கள். 1989ல் வந்த அபாய ரசாயன விதிகள், கொள்கலனில் உள்ளே இருப்பது என்ன, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் யார், அதன் தன்மை என்ன என்று தெளிவாக எழுதச் சொல்கின்றன. எனவே ஒரு வியாபாரி வெறும் பெயர்க்குறியும் லாட் நம்பரும் போட்ட கேனில் துணியை மென்மையாக்கும் சாஃப்ட்னரோ சாயத்தைப் பிடித்துவைக்கும் ஃபிக்ஸரோ கொண்டுவந்தால், சரக்கின் ஆபத்தையும் கையாளும் முறையையும் சொல்லும் பாதுகாப்புத் தரவுத்தாள் இல்லாமல் பில்லில் கையெழுத்துப் போடாதீர்கள். தாள் வந்ததும் 16 பகுதியையும் தொழிலாளிக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். முதலுதவி, தீ, சிந்தினால் செய்ய வேண்டியது, கையாள்வது, கையுறை கண்ணாடி என்று 4 முதல் 8 வரையுள்ள பகுதிகளில் இருந்துதான் உங்கள் சொந்த லேபிளுக்கான வரிகள் கிடைக்கும். ஆடிட்டருக்கு, வருகைப் பதிவோடு எந்த டிரம்மை வைத்துச் சொன்னோம், என்ன கேட்டோம், யார் என்ன தப்பாகச் சொன்னார், எப்போது மறுபடி பார்த்தோம் என்று எழுதிய நோட்டைக் காட்டுங்கள். விவரம் தெரிந்த ஆடிட்டர் கையெழுத்துத் தாளைவிட அதைத்தான் நம்புவார்.

சப்ளையர் மாறும்போதுதான் எல்லாம் மறுபடி குழம்பும். அதே பெராக்சைடு வேறு நிற கேனில் வரும், 50க்குப் பதில் 35 சதவீதம் வரும். புதுக் கேனை ஸ்டோரில் இறக்கும் அன்றே பழைய கேனின் பக்கத்தில் வைத்து, அன்றைய இரண்டு ஷிஃப்டுக்கும் காட்டுங்கள். நைட் ஷிஃப்டையும் சேர்த்துத்தான். மேனேஜர் வீட்டுக்குப் போனபிறகு வேலைக்கு வரும் அவர்களுக்குத்தான் பெரும்பாலும் எந்த வகுப்பும் கிடைப்பதில்லை. ஊருக்குப் போய் இரண்டு மாதம் கழித்துத் திரும்புபவரையும் புது ஆளாகவே கணக்கில் எடுத்து, மெஷினுக்கு அனுப்புமுன் ஏழெட்டுக் கேனையும் ஒரு சுற்று காட்டிவிடுங்கள்.